டிடிஆருக்குப் பக்கத்தில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் இளைஞர் பக்கத்தில், கேம் விளையாடுவதற்கான கணினியை வீட்டிலேயே பொருத்திக்கொள்வது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பிராசஸருக்கு இரண்டு பத்தி, கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூன்று பத்தி, கண்ணாடிக் கதவு வைத்த கேபினட்டுக்கு வண்ணப் படம். கணினியின் தற்காலிக நினைவகமான ரேமுக்கு மட்டும் ஒரே வரி. 16 ஜிபிக்குக் குறையாத டிடிஆர் ரேம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், வேகம் கூடக்கூட நல்லது என்கிற பொருளில்.

நான் 31 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன். ஓய்வு பெற்ற பிறகும் கையில் பென்சில் இல்லாமல் எனக்குப் பேப்பர் படிக்க வராது. அந்த ஒரு வரியில் மூன்று இடங்களில் சுழித்தேன். டிடிஆர் என்பது ரேமின் வகை, அதற்குப் பக்கத்தில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறையைச் சொல்லும் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. ‘ஒன்று’ என்பது ‘இரண்டு’ என்று இருக்க வேண்டும். வேகத்தைப் பற்றிய பகுதியைத் திருத்திப் பயனில்லை, திரும்ப எழுத வேண்டும்.

குறை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். இதே பிழையை நானும் செய்தேன், அதுவும் பேத்தியின் சேமிப்பில். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவள் ஆறு மாதம் பட்டியல் போட்டாள். பிராசஸர் இன்டெல் ஐ5-13400எஃப். அதற்கு எல்ஜிஏ1700 சாக்கெட்டும் (பிராசஸர் உட்காரும் இடம்) பி760 சிப்செட்டும் (பாகங்களை இணைக்கும் துணைச் சில்லு) உள்ள ஒரு மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகை. டிடிஆர்5 வகையில் 16 ஜிபி ரேம் இரண்டு, ஒரே பெட்டியில். ஆர்டர் போடும் அன்று அவள் தட்டச்சு செய்ய, நான் பட்டியலை உரக்கப் படித்தேன். பழைய நாளில் மூலப்படியை ஒருவர் படிக்க இன்னொருவர் மெய்ப்பைப் பார்ப்போமே, அது மாதிரி. ஒவ்வொரு எழுத்தாகத்தான் படித்தேன். ஆனால் விற்பனைப் பக்கத்தில் மதர்போர்டின் பெயர் ஒரு வரியில் முடியாமல் அடுத்த வரிக்கு மடிந்திருந்தது. அந்த இரண்டாவது வரியில் ‘டி4’ என்று தனியாக ஒரு சின்ன வால். அதை நான் பார்க்கவில்லை. வரி மடியும் இடத்தில்தான் பிழை ஒளிந்திருக்கும் என்று புதிதாக வேலைக்கு வந்த எத்தனை பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

பெட்டிகள் வந்தன. மேசைமேல் துணி விரித்து, பிராசஸரைப் பொருத்தினோம். அவள்தான் பொருத்தினாள், நான் விளக்குப் பிடித்தேன். ரேம் முறை வந்தபோது, “இதை நான் வைக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டேன். வைத்தேன், இறங்கவில்லை. ரேம் கொஞ்சம் அழுத்தினால்தான் இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் கட்டைவிரலை ஊன்றினேன்.

“தாத்தா, அழுத்தாதீங்க! வெட்டு பொருந்தலை பாருங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ரேமின் அடிவிளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், ஸ்லாட்டில் அதற்கு ஏற்ப ஒரு சின்ன மேடு. இரண்டும் நேருக்கு நேர் வராமல் கொஞ்சம் தள்ளி நின்றன. திருப்பி வைத்துப் பார்த்தால் இன்னும் மோசம். வேடிக்கை என்னவென்றால் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் நீளம் ஒன்றுதான், சுமார் 13.3 செ.மீ. தங்க நிறப் பின்களும் இரண்டிலும் 288. வெறும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். அதற்கு முந்தைய டிடிஆர்3-இல் பின்கள் 240 என்பதால் வித்தியாசம் எண்ணிக்கையிலேயே தெரியும். இந்த இரண்டையும் காட்டிக்கொடுப்பது அந்த வெட்டு மட்டும்தான். அது அங்கே இருப்பதற்குக் காரணமும் இருக்கிறது. டிடிஆர்4 1.2 வோல்ட்டில் ஓடுவது, அதற்கான மின்சாரத்தை மதர்போர்டே சீராக்கித் தரும். டிடிஆர்5-க்கு 1.1 வோல்ட், சீராக்கும் சில்லு ரேமின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒன்று இன்னொன்றின் ஸ்லாட்டில் இறங்கிவிடக் கூடாது என்றுதான் வெட்டைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இன்னும் நாலு கிலோ எடை கூடுதலாக ஊன்றியிருந்தால் நான் அந்தக் காவலையும் மீறியிருப்பேன்.

‘வேலை கொடு’ என்பதற்கும் ‘வேலைக் கொடு’ என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரே ஓர் ஒற்று. முதலாவது உத்தியோகம் கேட்கிறது, இரண்டாவது ஈட்டியைக் கேட்கிறது. அந்த மதர்போர்டின் பெயரில் இருந்த ‘டி4’ அப்படிப்பட்ட ஒற்று. அதே பெயரில் வால் இல்லாத மதர்போர்டு டிடிஆர்5 ஏற்கும், வால் உள்ளது டிடிஆர்4 மட்டுமே ஏற்கும். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் இரண்டு வகை ரேமையும் ஏற்பவை. அதனால் பிராசஸரை வைத்து நாங்கள் போட்ட கணக்கில் தவறில்லை, மதர்போர்டில்தான் தவறு. மற்ற சாக்கெட்டுகளில் இந்தக் குழப்பம் வராது. இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 என்றால் டிடிஆர்4. 2022-இல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5. 2024-இல் இன்டெல் கொண்டுவந்த எல்ஜிஏ1851-உம் டிடிஆர்5 மட்டும்தான். எல்ஜிஏ1700 ஒன்றுதான் ஆளைக் கவிழ்ப்பது. நாங்கள் வாங்கியதும் அதுதான்.

நல்லவேளை, எதுவும் உடையவில்லை. விற்றவர் மதர்போர்டை மாற்றிக் கொடுத்தார். ரேமை மாற்றி டிடிஆர்4 வாங்கிக்கொண்டாலும் விளையாட்டு ஓடியிருக்கும். ஆனால் டிடிஆர்4 தரம் 2012-இல் வெளியானது, டிடிஆர்5 2020-இல். இனிமேல் வேறு மதர்போர்டுக்குப் போனால் கூடவே வரக்கூடியது எது என்று பார்த்து, ரேமை வைத்துக்கொண்டு மதர்போர்டை அனுப்பினாள். கையில் ஏற்கெனவே டிடிஆர்4 இருப்பவர்கள் இதற்கு நேர்மாறாக முடிவெடுத்தாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த ‘ஒன்று’.

16 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபியாக ஒன்று வாங்கிவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சாதாரணக் கணினியின் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் இரண்டு தடங்கள் இருக்கின்றன, தடத்துக்கு 64 பிட் அகலம். ஒரே ரேம் போட்டால் ஒரு தடம் சும்மா கிடக்கும். 8 ஜிபி இரண்டு, அல்லது 16 ஜிபி இரண்டு என்று போட்டால்தான் இரண்டு தடத்திலும் தரவு போய்வரும். டிடிஆர்5 ரேம் ஒன்றே உள்ளுக்குள் இரண்டு தடமாகப் பிரிந்திருப்பதால் ஒன்று போதும் என்று சிலர் எடுத்துச் சொல்வார்கள். பிரிந்திருப்பது உண்மைதான், ஆனால் அவை 32 பிட் தடங்கள் இரண்டு, கூட்டினால் அதே 64. தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்காமல் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸையே நம்பி விளையாடப் போகிறவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். அவர்களுக்கு ரேம்தான் கிராஃபிக்ஸ் நினைவகமும்கூட. அவர்கள் ஒற்றை ரேம் போடுவது பாதி ஊதியத்துக்கு வேலை பார்ப்பது போல.

இரண்டு வாங்கினால் மட்டும் போதாது, சரியான ஸ்லாட்டில் போட வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில், பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். முதல் இரண்டு ஸ்லாட்டில் போட்டால் இரண்டும் ஒரே தடத்தில் நெருக்கிக்கொண்டு உட்காரும். மதர்போர்டுடன் வரும் கையேட்டில் இதற்குப் படமே இருக்கிறது. கையேட்டைப் படிக்கிற ஆள் வீட்டில் ஒருவராவது இருந்தால் நல்லது, எங்கள் வீட்டில் அது நான்தான்.

சரி, இரண்டு நல்லதென்றால் நான்கு இன்னும் நல்லதா? பேத்தியின் நண்பன் ஒருவன் அப்படித்தான் நினைத்தான். அவனுடையது ஏஎம்5, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைப் பிராசஸர். நான்கு ஸ்லாட்டிலும் விளக்கு எரிந்தால் அழகாக இருக்கும் என்று 8 ஜிபியாக நான்கு வாங்கிப் போட்டான். பெட்டியில் வேகம் 6000 என்று அச்சடித்திருந்தது. அந்த வேகத்தில் கணினி திறக்கவே மறுத்தது. அந்த வரிசைக்கு ஏஎம்டி தன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தோம். இரண்டு ரேம் என்றால் 5200, நான்கு என்றால் 3600. அதற்கு மேலே போவதெல்லாம் அவரவர் அதிர்ஷ்டம். அவனுக்கு அதிர்ஷ்டம் இல்லை. அதே 32 ஜிபியை இரண்டாக வாங்கியிருந்தால் தலைவலியே இல்லை. முதல் கணினி கட்டுகிறவருக்கு நான் சொல்வேன்: எத்தனை ஜிபி வேண்டுமோ அதை இரண்டாக, ஒரே பெட்டியில், ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த வருடம் அதே பெயரில் இன்னொரு ஜோடி வாங்கிச் சேர்க்கலாம் என்று எண்ண வேண்டாம். பெயர் அதேதான் இருக்கும். உள்ளே இருக்கும் சில்லு சாம்சங்கிலிருந்து மைக்ரானுக்கோ எஸ்கே ஹைனிக்ஸுக்கோ மாறியிருக்கலாம். ஒரே புத்தகம், இரண்டாம் பதிப்பு, பக்க எண் ஒத்துவராது.

மூன்றாவது சுழிப்பு, வேகம். இதில்தான் எனக்குச் சுவாரஸ்யம் அதிகம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புது மதர்போர்டு வந்து, ரேம் இரண்டும் ‘டக் டக்’ என்று இறங்கி, பவர் பட்டனை அழுத்தினோம். விசிறி சுற்றியது, திரை கறுப்பு. மதர்போர்டின் ஓரத்தில் ரேமுக்கான எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. அணைக்கப் போன என் கையைப் பேத்தி பிடித்துக்கொண்டாள். ஒன்றரை நிமிடம் இருக்கும், படம் வந்தது. டிடிஆர்5 ரேமை முதன்முதலாகப் பார்க்கும்போது மதர்போர்டு அதனோடு பேசிப் பழகி, எந்தக் கணத்தில் தரவைப் படிப்பது என்று அளவெடுத்துக்கொள்ளும். இதற்குப் பயிற்சி என்றே பெயர். ஏஎம்5-இல் பல நிமிடம்கூட ஆகும். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து நடுவில் அணைத்துவிட்டு, ரேம் கெட்டுப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். உங்கள் கட்டுரையில் இந்த ஒரு விஷயம் இருந்திருந்தாலே பலருக்கு ரத்த அழுத்தம் குறைந்திருக்கும்.

படம் வந்த பிறகு இன்னொரு அதிர்ச்சி. பெட்டியில் 6000. விண்டோஸ் காட்டியது 4800. சிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்த்தால் சுமார் 2400! ஏமாற்றிவிட்டார்கள் என்று பேத்தி கொதித்தாள். யாரும் ஏமாற்றவில்லை. டிடிஆர் என்ற பெயரின் பொருளே இரட்டைத் தரவு வீதம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகும். துடிப்பு 2400 மெகாஹெர்ட்ஸ் என்றால் பரிமாற்றம் 4800. அந்தப் பெரிய எண்ணுக்கு மெகாஹெர்ட்ஸ் என்று அலகு போடுவது பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் வழக்கமாகிப்போன பிழை. நொடிக்கு இத்தனை மெகா பரிமாற்றம் என்பதுதான் சரி.

மீதி வித்தியாசத்துக்கும் காரணம் உண்டு. பெட்டியில் இருக்கும் 6000 ரேம் தயாரித்தவர் கொடுக்கும் வாக்கு. மதர்போர்டு அதைத் தானாக எடுத்துக்கொள்ளாது, பாதுகாப்பான பொதுத் தர வேகத்தில்தான் தொடங்கும். கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற ஒரு அமைப்பை நாமே இயக்க வேண்டும். எக்ஸ்எம்பி இன்டெல்லின் ஏற்பாடு, ஏஎம்டியினுடையது எக்ஸ்போ. இரண்டும் சேர்ந்து பதிந்த ரேம்களும் கிடைக்கின்றன. ஏஎம்5 கட்டுகிறவர் எக்ஸ்போ என்ற சொல் பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இதை இயக்காமலே மூன்று வருடம் விளையாடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று பேத்தி சொல்கிறாள். நம்புகிறேன்.

எங்கள் பிராசஸருக்கு இன்டெல் உறுதி சொல்வது டிடிஆர்5-இல் 4800 வரைதான். 6000 என்பது அதைத் தாண்டி ஓட்டுவது. ரேமைக் கட்டி மேய்க்கும் பகுதி முன்பெல்லாம் மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது. ஏஎம்டி 2003-இலும் இன்டெல் 2008-இலும் அதைப் பிராசஸருக்குள் கொண்டுபோய்விட்டன. அதனால் ரேம் ஓடுமா என்ற கேள்விக்கு ரேம், மதர்போர்டு, பிராசஸர் மூன்றும் சேர்ந்துதான் பதில் சொல்லும். எச்610 வகை மதர்போர்டுகளில் இப்படித் தாண்டி ஓட்ட இடமே இல்லை. அதில் 6000 ரேம் போட்டால் வீண் செலவு.

வேகத்துக்குப் பக்கத்தில் சிஎல் என்று இன்னோர் எண் இருக்கும். கேட்டதற்கும் கிடைப்பதற்கும் இடையே எத்தனை துடிப்பு என்று அது சொல்கிறது. சின்ன எண் நல்லது என்று மொட்டையாகச் சொல்லிவிடுகிறார்கள். துடிப்பின் நீளமே வேகத்துக்கு வேகம் மாறும்போது வெறும் எண்ணை ஒப்பிட்டு என்ன பயன்? சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் காத்திருப்பு நானோ நொடியில் வரும். பென்சிலால் போட்டுப் பார்த்தேன். டிடிஆர்4-இல் 3200, சிஎல் 16: 10 நானோ நொடி. டிடிஆர்5-இல் 6000, சிஎல் 30: அதுவும் 10. எங்களுடையது 6000, சிஎல் 36: 12. 5200-இல் சிஎல் 40 என்றால் 15-க்கும் மேலே. பழைய ரேம் புதியதைவிட எந்த இடத்தில் தாழ்ந்தது, எந்த இடத்தில் தாழவில்லை என்று இந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரிகிறது. காத்திருப்பில் பழையது தாழவில்லை, ஒரு நேரத்தில் அள்ளிக்கொண்டு வருவது புதியதில் அதிகம்.

இதற்காக 8000 வேகத்துக்கு ஓட வேண்டுமா? வேண்டாம். ரைசன் 7000-க்கு 6000-தான் தோதான இடம் என்று ஏஎம்டியே சொன்னது. பெரிய கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) வைத்த ஏஎம்டியின் எக்ஸ்3டி பிராசஸர்கள் ரேம் வேகத்தைப் பற்றி அவ்வளவு அலட்டிக்கொள்வதில்லை. விளையாட்டில் பெரும்பாடு படுவது கிராஃபிக்ஸ் கார்டுதான். ரேம் போதாமல் போனால் விளையாட்டு நடுவில் திக்கும். அதனால் 16-ஆ 32-ஆ என்ற கேள்வியில் கஞ்சத்தனம் பண்ணாமல், வேகத்தில் பண்ணலாம்.

சில்லறை விஷயங்கள் சில. மடிக்கணினி ரேம் நீளம் குறைந்தது, இதில் சேராது. சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்டு ரேம் மலிவாகக் கிடைத்தாலும் வீட்டு மதர்போர்டில் ஓடாது. டிடிஆர்4-இல் அது ஸ்லாட்டில் அழகாக இறங்கிவிடும், அதுதான் ஆபத்து. மதர்போர்டு நிறுவனங்கள் தாங்கள் சோதித்த ரேம்களின் பட்டியலை வெளியிடுகின்றன, க்யூவிஎல் என்பார்கள். அதில் இல்லாத ரேம் ஓடாது என்று பொருளில்லை. இருந்தால் நிம்மதி. ஆனால் மாதிரி எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிட வேண்டும், வரி மடிந்திருந்தால் மடிப்பைத் தாண்டியும். அப்புறம், உயரம். விளக்குகளும் தகடுகளும் வைத்த ரேம் வெறும் ரேமைவிட ஒன்றிரண்டு செ.மீ. உயரமாக நிற்கும். பிராசஸரைக் குளிர்விக்கும் கோபுரம் போன்ற கூலரின் விசிறி முதல் ஸ்லாட்டுகளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் இடிக்கும். எங்களுக்கு இடித்தது. விசிறியைக் கிளிப்பில் கொஞ்சம் மேலே ஏற்றி மாட்டினோம். கேபினட் கதவு மயிரிழையில் மூடியது.

எக்ஸ்எம்பி இயக்கிய அன்று இரவு ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓடவிட்டுத் தூங்கப் போனோம். நான் மட்டும் இரண்டு முறை எழுந்து வந்து பார்த்தேன். காலையில் பிழை பூஜ்யம். என் 31 ஆண்டுப் பணியில் அப்படி ஒரு மெய்ப்பை நான் பார்த்ததில்லை.

உங்கள் அடுத்த இதழில் திருத்தம் போட இடமிருந்தால், அந்த வரியை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: ‘பிராசஸரையும் மதர்போர்டையும் முடிவு செய்த பிறகு, அந்த மதர்போர்டு ஏற்பது டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று அதன் முழுப் பெயரைப் பார்த்து, அந்த வகையில் ஒரே பெட்டியில் இரண்டு ரேம், மொத்தம் 16 அல்லது 32 ஜிபி, பிராசஸருக்கு ஏற்ற வேகத்தில்.’ நீளம்தான். கேபினட் படத்தைச் சற்றுச் சிறியதாக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்

பி.கு.: அனுப்புமுன் பேத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். எக்ஸ்எம்பி பற்றிய பத்தியில் ‘6000 மெகாஹெர்ட்ஸ்’ என்று நானே எழுதியிருந்ததைச் சுழித்துத் தந்தாள், என்னுடைய சிவப்புப் பென்சிலாலேயே.